வல்லாரை எழுதாத பரீட்சை

1855-ஆம் ஆண்டு எடின்பரோ நகரில் ராபர்ட் கிறிஸ்டிசன் என்ற, நச்சியலில் தேர்ந்த பேராசிரியர் ஒரு விதையின் சிறு துண்டை மென்று விழுங்கினார். இன்றைய நைஜீரியாவின் கலபார் பகுதியிலிருந்து கப்பலேறி வந்த விதை அது. அந்த ஊரில் யார் மீதாவது குற்றம் சுமத்தப்பட்டால் இந்த விதையைத்தான் தின்னக் கொடுப்பார்கள். வாந்தி எடுத்துப் பிழைத்தால் நிரபராதி, செத்தால் குற்றவாளி. முதல் நாள் இரவு கொஞ்சம் தின்றுபார்த்த பேராசிரியர், பெரிதாக ஒன்றும் ஆகவில்லையே என்று மறுநாள் காலை அளவைக் கூட்டினார். தலை சுற்றியது, உடம்பு தளர்ந்தது. முகம் மழித்துவிட்டு வைத்திருந்த சோப்புத் தண்ணீரை அப்படியே குடித்து, குமட்டி வாந்தி எடுத்து உயிர் தப்பினார்.

கிறுக்குத்தனம்தான். ஆனால் இன்று அல்சைமர் நோயாளிகளின் முதுகில் ஒட்டப்படும் ரிவாஸ்டிக்மின் பட்டையின் வம்சாவளி அந்த விதையில்தான் தொடங்குகிறது. கிறிஸ்டிசனைத் தொடர்ந்து தாமஸ் ஃபிரேசர் அந்த விதையை ஆராய்ந்தார். 1864-இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் அதிலிருந்து ஃபைசோஸ்டிக்மின் என்ற பொருளைப் பிரித்தார்கள். 1935-இல் பெர்சி ஜூலியன் என்ற கறுப்பின அமெரிக்க வேதியியலாளர் அதை ஆய்வகத்திலேயே செய்து காட்டினார். அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை உண்டாக்கும் நொதி வெகுவாகக் குறைந்துபோகிறது என்று 1976-இல் கண்டறியப்பட்டது, அதுவும் அதே எடின்பரோவில். இருக்கிற அசிட்டைல்கோலினையாவது சிதையாமல் காப்பாற்றுவது ஃபைசோஸ்டிக்மினின் குணம். ஆனால் அதன் வேலை சீக்கிரமே அடங்கிவிடும், குமட்டலும் அதிகம். ஜெருசலேமில் மார்த்தா வைன்ஸ்டாக் அதன் அமைப்பை மாற்றி உருவாக்கிய மருந்துதான் ரிவாஸ்டிக்மின். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விதையைத் தின்ற நாளிலிருந்து கணக்கிட்டால் 145 ஆண்டுகள்.

அல்சைமருக்குக் கொடுக்கப்படும் இன்னொரு மருந்தான காலண்டமின், பனித்துளிப் பூ என்ற ஐரோப்பியச் செடியின் குடும்பத்திலிருந்து வந்தது. 1950-களில் சோவியத் ஒன்றியத்திலும் பல்கேரியாவிலும் அதை ஆராய்ந்தார்கள். போலியோவால் தளர்ந்த தசைகளுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். கிராமத்தார் அந்தச் செடியை நெற்றியில் தேய்த்ததைப் பார்த்து ஒரு விஞ்ஞானி கண்டுபிடித்தார் என்று ஒரு கதை சுற்றுகிறது. கேட்க அழகாக இருக்கிறது, ஆதாரம்தான் மெலிது. ஆதாரம் உள்ள செய்தி ஒன்று உண்டு: பூஞ்செடியிலிருந்து எடுத்த அந்தப் பொருள் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, சிறிய ஆனால் உண்மையான பலன் தருகிறது என்று நிரூபிக்கப்பட்ட பிறகே 2001-இல் அமெரிக்காவில் அல்சைமருக்கு அனுமதிக்கப்பட்டது.

ஆகவே மூலிகையா, ஆங்கில மருந்தா என்று பட்டிமன்றம் நடத்துவதில் பயனில்லை. டிமென்ஷியாவுக்கான மருந்துச் சீட்டில் மூலிகை ஏற்கெனவே இருக்கிறது. நம்முடைய மூலிகைகள் ஏன் அந்தச் சீட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

தமிழ்நாட்டில் ஞாபக சக்தி என்றதும் நினைவுக்கு வருவது வல்லாரை. பரீட்சை நெருங்கினால் வல்லாரைத் துவையல், வல்லாரை மாத்திரை, வல்லாரை மிட்டாய். யாழ்ப்பாணத்தில் வல்லாரைச் சம்பல். பேரனுக்கு வாங்கிய சூரணத்தை, பெயர்கள் மறந்துபோகத் தொடங்கிய தாத்தாவுக்கும் ஒரு கரண்டி கொடுப்பது வீட்டு வழக்கம். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு, அந்தக் குடும்பங்களில் பல நாட்டு மருந்துக் கடையின் படியேறுகின்றன. இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. கேட்க வேண்டியது இதுதான்: ஆண்டாண்டு காலமாக மாணவர்களைப் பரீட்சைக்குத் தயார்செய்யும் வல்லாரையை, நாம் எப்போதாவது ஒரு கடுமையான பரீட்சையில் உட்கார வைத்தோமா?

வைத்தவை எல்லாம் வகுப்புத் தேர்வுகள். தாய்லாந்தில் 28 முதியவர்களிடம் இரண்டு மாதம் சோதித்துப் பார்த்த ஆய்வு போல, சில பத்துப் பேர், சில வாரங்கள். அந்த 28 பேரும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர்கள். இப்படிப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்கு, வல்லாரை மட்டும் தனியாக அறிவாற்றலைக் கூட்டுகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. வல்லாரையை மறதிநோய்க்காகப் பொறுமையாக, படிப்படியாக ஆராய்ந்துவரும் குழுக்களில் ஒன்று எங்கே இருக்கிறது? அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில். ஒரே தரமான சாறு தயாரிப்பது, எவ்வளவு கொடுத்தால் ரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்று அளப்பது என்று அடிப்படையிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். தஞ்சாவூர் வாய்க்கால் ஓரத்தில் முளைக்கும் கீரைக்குப் போர்ட்லேண்டில் அளவு பார்க்கிறார்கள்.

நீர்ப்பிரமியின் கதை கொஞ்சம் மேல். வடக்கே சில இடங்களில் வல்லாரையையும் பிரமி என்றே விற்பார்கள். இரண்டும் வேறு குடும்பத்துச் செடிகள். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகள் உழைத்து, பாக்கோசைடு என்ற பொருள்களின் அளவை நிலைப்படுத்திய நீர்ப்பிரமிச் சாறு ஒன்றை உருவாக்கியது. ஆஸ்திரேலியாவில் அதை 46 பேரிடம் சோதித்த ஆய்வு 2001-இல் வெளியானது. தினமும் 300 மில்லிகிராம் கொடுத்தார்கள். ஐந்தாவது வாரத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை, பன்னிரண்டாவது வாரத்தில் புதிதாகக் கற்கும் வேகம் போன்ற சில அளவுகளில் முன்னேற்றம் தெரிந்தது. நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் நோயாளிகள் அல்லர். ஆரோக்கியமானவரின் ஞாபகத்தைக் கொஞ்சம் கூர்தீட்டுவது வேறு, செத்துக்கொண்டிருக்கும் நரம்பணுக்களைக் காப்பது வேறு.

சண்டிகரின் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அந்த அடுத்த படியையும் எடுத்துவைத்தார்கள். அல்சைமர் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு நீர்ப்பிரமி, மறு பகுதியினருக்கு வழக்கமான அல்சைமர் மருந்தான டொனெபெசில். ஓராண்டு கழித்து இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 'ஆங்கில மருந்துக்கு இணையான பிரமி' என்று தலைப்புப் போட ஏற்ற முடிவு. ஆனால் ஆட்கள் குறைவு. மருந்தே இல்லாத போலி மாத்திரை வாங்கிய மூன்றாவது குழுவும் கிடையாது. இரண்டும் சமமாக வேலை செய்தனவா, இரண்டும் சமமாக வேலை செய்யவில்லையா என்பதை இந்த ஆய்வை வைத்து யாரும் சொல்லிவிட முடியாது. பெரிய ஆய்வு வேண்டும் என்றுதான் ஆய்வாளர்களே எழுதினார்கள்.

பெரிய ஆய்வு என்றால் எவ்வளவு பெரியது? அதற்கு ஜின்கோவைப் பார்க்க வேண்டும்.

ஜின்கோ சீனாவின் பழமையான மரம். அதன் இலைச்சாறு மூளைக்கு நல்லது என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனை பறந்தது. சின்னச் சின்ன ஆய்வுகள் பலவும் சாதகமாகவே இருந்தன. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் இதை இப்படியே விட்டுவிடக் கூடாது என்று முடிவெடுத்துப் பணம் ஒதுக்கின. 75 வயதுக்கு மேற்பட்ட 3,069 பேரைச் சேர்த்தார்கள். குலுக்கல் முறையில் ஒரு பாதிக்கு தினம் இரண்டு வேளை 120 மில்லிகிராம் ஜின்கோ, மறு பாதிக்குப் பார்த்தால் அதேபோல் இருக்கும் போலி மாத்திரை. யாருக்கு எது என்பது சாப்பிட்டவருக்கும் தெரியாது, பரிசோதித்தவருக்கும் தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஞாபகத் தேர்வு. இப்படி ஆறு ஆண்டுகளுக்கு மேல். 2008-இல் கணக்கைத் திறந்தார்கள். போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 246 பேருக்கு டிமென்ஷியா வந்திருந்தது. ஜின்கோ சாப்பிட்டவர்களில் 277 பேருக்கு.

மூளை ரத்தக்கசிவும் எண்ணிக்கையில் ஜின்கோ பக்கம்தான் கூடுதல்: 16-க்கு 8. தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடிய வித்தியாசம்தான், ஆனால் பலனே இல்லாத ஒன்றுக்காக அந்தச் சந்தேகத்தையும் ஏன் சுமக்க வேண்டும்? பிரான்சில் 2,800-க்கும் மேற்பட்டவர்களிடம் ஐந்தாண்டு நடந்த ஆய்வும் 2012-இல் அதே பதிலைத்தான் சொன்னது: ஜின்கோ அல்சைமரைத் தடுக்கவில்லை. விற்பனை முற்றிலும் நின்றுவிடவில்லை என்பது உண்மை. ஆனாலும் இன்று ஒரு மருத்துவரிடம் 'ஜின்கோ சாப்பிட்டால் மறதிநோய் வராதா?' என்று கேட்டால் தடுமாறாமல் 'வரும்' என்று அவரால் சொல்ல முடிகிறது. வல்லாரையைப் பற்றிக் கேட்டால் எந்தப் பக்கமும் அப்படிச் சொல்ல முடியாது. சீன மரத்துக்குக் கிடைத்த அந்த மரியாதை நம் கீரைக்குக் கிடைக்கவில்லை.

சின்ன ஆய்வுகள் ஏன் ஏமாற்றுகின்றன என்பதை ஒரு ஞாபகத் தேர்வின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். 'இன்னைக்கு என்ன கிழமைங்க ஐயா?' 'நூறுலேருந்து ஏழேழா கழிச்சுக்கிட்டே வாங்க.' 'மூணு பொருள் பேரு சொல்றேன், கொஞ்ச நேரம் கழிச்சுக் கேப்பேன்.' மொத்தம் 30 மதிப்பெண். முந்தைய இரவு தூங்காதவர், சிறுநீர்த் தொற்று உள்ளவர், மலச்சிக்கலில் தவிப்பவர் 18 எடுப்பார். தொல்லை சரியானதும் அவரே 21 எடுப்பார். ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டாலும் மதிப்பெண் கொஞ்சம் ஏறும். இடையில் ஒரு லேகியம் சாப்பிட்டிருந்தால் பெயர் அதற்குத்தான். 'இப்ப அப்பா நல்லாப் பேசுறார்' என்று மகள் சொல்வதில் பொய் இல்லை. அந்த மாற்றத்துக்குக் காரணம் லேகியம்தானா என்பதை, அதே அளவு கவனிப்பும் அதே அளவு நம்பிக்கையும் கிடைத்த, லேகியம் மட்டும் கிடைக்காத இன்னொரு குழுவை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

தேட வேண்டிய பலனும் சிறியது. லெக்கனெமாப் என்ற புதிய ஊசி மருந்தை 1,795 பேரிடம் 18 மாதம் சோதித்தார்கள். 18 புள்ளி அளவுகோலில் கிடைத்த வித்தியாசம் 0.45 புள்ளி. உலகமே கொண்டாடிய மருந்தின் கதி இது. இவ்வளவு நுணுக்கமான வித்தியாசத்தை 30 பேரிடம் இரண்டு மாதத்தில் பார்த்துவிட்டோம் என்றால், பார்த்தது மருந்தின் பலனாக இருப்பது அரிது.

மஞ்சளின் கதையில் வேறொரு பாடம். டெல்லிக்கு அருகே ஹரியானாவின் பல்லப்கட் பகுதியில் நடந்த இந்திய-அமெரிக்கக் கூட்டாய்வு 2001-இல் வியப்பான தகவல் ஒன்றைத் தந்தது. 65 வயதைக் கடந்த ஆயிரம் பேரில் ஆண்டுக்கு 4.7 பேருக்குத்தான் அங்கே புதிதாக அல்சைமர் வந்தது. ஒப்பிட்டுப் பார்த்த பென்சில்வேனியா பகுதியிலோ 17.5. உடனே பலரும் இந்தியச் சமையலறைக்குள் நுழைந்து மஞ்சள் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் மரபணு வகை பல்லப்கட்டில் குறைவு, ஆய்வு நடந்த காலமும் குறுகியது என்பவற்றையெல்லாம் யார் கவனித்தார்கள்? மஞ்சள் காரணம் என்று அந்த ஆய்வு எங்கும் நிறுவவில்லை. கலிஃபோர்னியாவில் மஞ்சளில் உள்ள குர்குமினை 36 அல்சைமர் நோயாளிகளிடம் 24 வாரம் சோதித்துப் பார்த்தார்கள், பலன் தெரியவில்லை. ரத்தத்தில் போய்ச் சேர்ந்த அளவே சொற்பம். எளிதில் உடம்பில் சேரும்படி மாற்றிய குர்குமினை, நோய் வராத 40 பேரிடம் 18 மாதம் சோதித்த 2018-ஆம் ஆண்டு ஆய்வில், அதைச் சாப்பிட்டவர்களுக்கு ஞாபகம் கூடியது. அதுவும் இன்னும் பெரிய ஆய்வுக்குக் காத்திருக்கிறது.

இதற்கிடையில் பங்களாதேஷில் மஞ்சளுக்கு நிறம் கூட்ட ஈயக் குரோமேட் கலந்துவந்ததை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு 2019-இல் அம்பலப்படுத்தியது. ஈயம் மூளையைக் கெடுக்கும் விஷம். மூளைக்கு நல்லதென்று கூடுதலாக ஒரு கரண்டி போடுபவர், எதைக் கூடுதலாகப் போடுகிறார் என்பது டப்பாவைப் பொறுத்தது. ஈரநிலத்துச் செடியான வல்லாரைக்கும் இது பொருந்தும். மண்ணில் உள்ள கன உலோகங்களை உறிஞ்சிக்கொள்ளும் செடி அது. 2004-இல் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்தபோது 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. மூலிகை என்றால் பக்கவிளைவு இல்லை என்ற பேச்சை இனியாவது விட்டுவிடலாம்.

அமுக்கராவை அஸ்வகந்தா என்றால் இன்று இளைஞர்களுக்கும் தெரியும். நரம்பியல் ஆய்வாளர் விஜயலட்சுமி ரவீந்திரநாத் தலைமையிலான குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த வரிசையிலேயே அழகானது. அல்சைமர் போன்ற நோய் உண்டாகும்படி வளர்க்கப்பட்ட சுண்டெலிகளுக்கு அமுக்கரா வேர்ச்சாறு 30 நாள் கொடுத்தார்கள். எலிகளின் நடத்தைக் கோளாறு சீரானது, மூளையில் படிந்திருந்த அமிலாய்டு என்ற புரதம் குறைந்தது. வேர்ச்சாறு வேலை செய்த இடம் மூளை அல்ல, கல்லீரல். அங்கே வேறொரு புரதத்தைப் பெருக்கி, அதன் மூலம் அமிலாய்டை மூளையிலிருந்து ரத்தத்துக்கு இழுத்தது. எந்தப் பழைய நூலும் சொல்லாத, சோதித்தவருக்கு மட்டுமே கிடைத்த தகவல். ஆனால் எலியில் குணமான அல்சைமர் மனிதரிடம் தோற்றுப்போன கதைகள் ஏராளம். அதே அமுக்கராவால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாகவும் பிற்பாடு மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. எலிக்கு நல்லது செய்த உறுப்பே மனிதருக்குத் தொல்லை தருமா என்பதை விளம்பரம் சொல்லாது.

சித்த மருத்துவர்கள் தரப்பில் ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. 'நாங்கள் நோய்க்கு மருந்து கொடுப்பதில்லை, ஆளுக்குக் கொடுக்கிறோம். வாதமா பித்தமா என்று நாடி பார்த்து, அனுபானம் மாற்றி, பத்தியம் சொல்லிக் கொடுப்பதை ஒரே மாத்திரையாக்கிச் சோதித்தால் அது எங்கள் வைத்தியமே இல்லை' என்பார்கள். சரி, அப்படியே சோதிக்கலாம். ஒரு குழுவுக்குச் சித்த மருத்துவர் தன் விருப்பப்படி, ஆளுக்கு ஆள் மாற்றி வைத்தியம் செய்யட்டும். மறு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு இருக்கட்டும். மதிப்பெண் போடுபவருக்கு மட்டும் யார் எந்தக் குழு என்பது தெரியக்கூடாது. போலி மருந்து வைத்த ஆய்வின் உறுதி இதற்கு வராது. ஆனால் 'அனுபவத்தில் கண்டது' என்பதைவிடப் பல மடங்கு மேல்.

மரபு மருந்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு இந்திய முன்னோடி உண்டு. சர்ப்பகந்தி வேரை வட இந்தியாவில் பித்துப் பிடித்தவர்களுக்குக் கொடுத்துவந்தார்கள். பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதை ரத்த அழுத்த நோயாளிகள் 50 பேரிடம் சோதித்து, 1949-இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தது. அந்த வேரிலிருந்து பிரித்தெடுத்த ரிசர்பின் உயர் ரத்த அழுத்தத்துக்கான ஆரம்பகால மருந்துகளில் ஒன்றானது. மரபு ஒன்றுக்குக் கொடுத்தது, சோதனையில் இன்னொன்றுக்குப் பெரிதாகப் பயன்பட்டது.

தடையாக இருப்பது அறிவியல் அல்ல, பணமும் சட்டமும். வல்லாரைக்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது, அதனால் எந்த நிறுவனமும் ஆறாண்டு ஆய்வுக்குச் செலவழிக்காது. சட்டமும் அவசரப்படுத்துவதில்லை. அங்கீகரிக்கப்பட்ட பழைய நூல்களில் உள்ள மருந்தை அந்த நூல் சொன்ன பயனுக்கு விற்க, நோயாளிகளிடம் சோதித்த ஆதாரம் கேட்கப்படுவதில்லை. மூளை நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் 'ஞாபக சக்திக்கு' என்று டப்பாவில் அச்சிடுவதில் யாருக்கும் சங்கடம் இருப்பதாகத் தெரியவில்லை. பரீட்சை எழுதாமலே சான்றிதழ் கையில் இருக்கும்போது யார் படிப்பார்கள்?

வல்லாரை பரீட்சை எழுதி முடிக்கும்வரை குடும்பங்கள் காத்திருக்க முடியாது என்பது புரிகிறது. சூரணம் கொடுப்பதற்கு முன்பு ஒரு முழுமையான மருத்துவப் பரிசோதனை அவசியம். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்ததில் மண்டைக்குள் தேங்கிய ரத்தம் ஆகியவையும் மறதிநோய் போலவே தோன்றும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. ஆறு மாதம் லேகியத்தோடு காத்திருந்தால் இழப்பது அந்த ஆறு மாதத்தை. ஏற்கெனவே டொனெபெசில் சாப்பிடுபவர் நீர்ப்பிரமியும் எடுத்தால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆய்வகச் சோதனைகளின்படி இரண்டும் ஒரே திசையில் வேலை செய்யக்கூடியவை. வயிற்றுப்போக்கும் நாடித்துடிப்புக் குறைவும் கவனிக்க வேண்டியவை. 'திட்டுவார்' என்று பயந்து மறைப்பவர்களே அதிகம். திட்டாமல் கேட்டுக்கொள்வது மருத்துவரின் வேலையும்தான்.

அரசு செய்ய வேண்டியது பெரிய மர்மமில்லை. சென்னையில் மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழு இருக்கிறது, தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, நரம்பியல் துறை உள்ள அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கொரோனா காலத்தில் கபசுரக் குடிநீரை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த நிர்வாகத்துக்கு ஆயிரம் முதியவர்களை இரண்டாண்டு தொடர்ந்து பார்ப்பது முடியாத காரியமல்ல. ஒரே வயலில் வளர்த்து, ஈயமும் பாதரசமும் இல்லை என்று சோதித்து, சத்தின் அளவை நிலைப்படுத்திய வல்லாரை வேண்டும். அதே பச்சை, அதே கசப்பு உள்ள போலி மாத்திரை வேண்டும். நாக்கில் வைத்ததுமே வித்தியாசம் தெரிந்துவிட்டால் ஆய்வு அங்கேயே கெட்டுவிடும். ஆய்வு தொடங்கும் முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் எதை அளக்கப்போகிறோம் என்பதைப் பதிய வேண்டும். தேறினால் என்ன அளவில் கொடுப்பது, தேறாவிட்டால் எந்தெந்த டப்பாக்களிலிருந்து 'ஞாபக சக்தி' என்ற சொற்களை நீக்குவது என்பதையும் முதல் நோயாளி சேரும் முன்பே எழுதிக் கையெழுத்திட்டு வைக்க வேண்டும்.